கடல் இல்லாத வேப்பமோட்டைக்கு வந்த கடற்கல்விக் கணினி

அனுப்புநர்:
திருமதி றம்ஸியா நஜீம்,
செயலாளர்,
இணையவழிக் கடற்கல்வி நிலையப் பாவனையாளர் குழு,
வேப்பமோட்டை,
வவுனியா.

பெறுநர்:
பிரதேச செயலாளர் அவர்கள்,
பிரதேச செயலகம்,
வவுனியா.

ஊடாக: கிராம அலுவலர், வேப்பமோட்டை.

விடயம்: எமது கிராமத்தின் கடற்கல்விக் கணினியை முல்லைத்தீவுக்குக் கொண்டுசெல்லும் முடிவையும், திட்ட அலுவலர் திரு. தவராசா எம்மீது சுமத்தியுள்ள மோசடிக் குற்றச்சாட்டையும் ஆட்சேபித்தல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எமது கிராமத்தில் கடல் இல்லை. இதை முதற்பந்தியிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஏனெனில் திரு. தவராசா அவர்கள் இதை ஏதோ தாம் தோண்டியெடுத்த இரகசியம் போலத் தங்களுக்கு அறிவித்திருக்கிறார். வேப்பமோட்டையில் எவரைக் கேட்டாலும் சொல்வார்கள், இங்கே இருப்பது குளம். அக்குளத்தில் வலை போடுவோருக்கு ஒரு சங்கம் உண்டு. அதன் தலைவர் திரு. ஏரம்பு வயலும் எருமைகளும் உடையவர். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். பழக்கமில்லாத காரணத்தால், சொல்ல வேண்டி வந்தபோது அளவு தெரியாமல் சொல்லிவிட்டார். அது பற்றிக் கீழே அறியத் தருகிறேன்.

2. இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு மாரியில், யுத்தநிறுத்தம் வந்து பாதை திறந்த பின்னர், நீலவெளி கடல்வள நிறுவனத்தின் திட்ட அலுவலராகிய திரு. தவராசா மீனவக் கிராமம் ஒன்றைத் தேடி இப்பக்கம் வந்தார். அன்று எமது குளம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்து, வயலும் வீதியும் ஒரே வெள்ளமாகக் கிடந்தன. அவர் ஜீப்பின் கண்ணாடியை இறக்கவில்லை. மீனவர் சங்கம் என்ற பெயர்ப்பலகையைப் பார்த்தார். அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் வரை தண்ணீரைப் பார்த்தார். எதையோ குறித்துக்கொண்டு திரும்பிவிட்டார். பலகையில் ‘நன்னீர்’ என்ற சொல்லும் இருந்தது. முருங்கைக் கிளை ஒன்று அதை மறைத்திருக்கிறது. கிளையை வெட்டாமல் விட்டது எமது தவறு என்று நிறுவனம் கருதினால், அதற்காக வருந்துகிறோம்.

3. அடுத்த வருடம் கணினி ஒன்றும், தொலைபேசி இணைப்பும், திமிங்கிலம் வரைந்த பெரிய பலகையொன்றும் வந்திறங்கின. கடல் அறிவியலையும் கடல்வளப் பாதுகாப்பையும் இணையத்தின் மூலம் கரையோர மக்களுக்குக் கற்பிப்பதே நோக்கம் என்று பலகையில் எழுதியிருந்தது. நாங்கள் கரையோரத்தில் இல்லையே என்று திரு. ஏரம்பு அப்போதே கேட்டார். பொருட்களை இறக்க வந்தவர்கள், “எங்களுக்குத் தெரியாதையா, இஞ்ச கையெழுத்துப் போடுங்கோ” என்றார்கள். அவர் போட்டார்.

4. அந்தக் கணினியில் கடல் சம்பந்தமான தளங்களைத் தவிர வேறெதுவும் திறவாதபடி நிறுவனம் பூட்டுப் போட்டிருந்தது. கிரிக்கெட் பார்க்க வந்த இளைஞர்கள் பேய்க்கணவாய்க்கு மூன்று இதயம் என்று அறிந்துகொண்டு திரும்பினார்கள். பாட்டுக் கேட்க வந்தவர்களுக்குத் திமிங்கிலத்தின் குரல்தான் கேட்டது. முதல் மாதம் எல்லோரும் ஏசினார்கள். இரண்டாம் மாதம் இருக்கக் கதிரை போதவில்லை.

தொலைபேசி வழியாக வரும் இணையம் என்பதால் ஒரு படம் மேலிருந்து கீழாக ஊர்ந்து இறங்குவதற்குள் உலையில் சோறு வெந்துவிடும். முதலில் நீலம் வரும். பிறகும் நீலம் வரும். அதற்குள் வரப்போவது சுறாவா, திருக்கையா, ஆமையா என்று சபை இரண்டாகப் பிரிந்துவிடும். தோற்ற பக்கம் தேநீர் போட வேண்டும். கடைசி வரை நீலமாகவே வந்து, அது வெறும் கடலின் படம் என்று தெரிந்த நாளில் இரு தரப்பும் தேநீர் போட மறுத்ததால் நான்தான் போட்டேன்.

தளங்கள் ஆங்கிலத்தில் இருந்தன. எமது பாடசாலையின் ஆங்கில ஆசிரியை செல்வி அருந்ததி பாடசாலை விட்டதும் வந்து உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்வார். பவளப்பாறை கல்லல்ல, உயிர் என்று அவர் சொன்ன அன்று திரு. ஏரம்பு வீட்டுக்குப் போய்ப் பவளக்கல் சுட்டெடுத்த சுண்ணாம்புப் பேணியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததாக அவருடைய மனைவி முறையிட்டார்.

5. இக்கல்வியால் பயனேதும் விளையவில்லை என்று, கீழே எட்டாம் பந்தியில் வரும் திரு. தவராசாவின் கடிதம் கூறுகிறது. இது உண்மைக்குப் புறம்பானது. எமது குளத்து வான் தண்ணீர் அருவியாற்றில் சேர்ந்து மன்னார்க் கடலில் விழுகிறது. சொப்பிங் பையைச் சொறிமுட்டை என்னும் ஜெல்லிமீன் என்று நினைத்துக் கடலாமை விழுங்கிச் சாகும் என்று படித்த நாள்முதல் இவ்வூரில் எவரும் வாய்க்காலில் பை போடுவதில்லை. ஒருநாள் காற்றில் பறந்துபோய் விழுந்த ஒரு பையைத் துரத்திக்கொண்டு திரு. ஏரம்பு வாய்க்காலோரமாக அயற்கிராமம் வரை ஓடினார். ‘எங்கையண்ணை ஓடுறியள்?’ என்று அங்குள்ளவர்கள் கேட்டதற்கு, “ஆமை ஒண்டு சாகப் போகுது!” என்று கத்தியிருக்கிறார். அவர்கள் இன்றும் எங்களை ஒரு மாதிரியாகத்தான் பார்க்கிறார்கள்.

மேலும், மன்னாரிலிருந்து வரும் கடல்மீனைச் சைக்கிளில் கொண்டுவந்து விற்கும் திரு. வீரையா எமது பெண்களிடம் படும் பாடு சொல்லத் தரமன்று. ஒவ்வொரு மீனையும் தூக்கிப் பார்த்து, “இது குஞ்சு. ஒருக்காலும் முட்டை போடாததை ஏன் பிடிச்சவை?” என்று கேட்கிறார்கள். “அக்காமாரே, நீங்கள் மீன் வாங்க வந்தனீங்களோ, பொம்பிளை பாக்க வந்தனீங்களோ?” என்று அவர் அழாக்குறையாகக் கேட்டது எனது செவிபடத்தான். இப்போது குஞ்சு மீன்களை அவர் எமது ஊர் எல்லைக்கு வெளியிலேயே விற்று முடித்துவிட்டு வருகிறார். இதை முழு வெற்றி என்று நான் கூறவில்லை.

6. இனி, மோசடி என்று சொல்லப்படும் சம்பவத்துக்கு வருகிறேன். இவ்வருடத் தொடக்கத்தில், குளம் நிரம்பியிருந்த வேளையில், நிறுவனத்தின் வெளிநாட்டுப் பொறுப்பதிகாரியாகிய ஓர் அம்மணி எமது நிலையத்தைப் பார்வையிட வந்தார். திரு. தவராசா மொழிபெயர்ப்பாளராக உடன் வந்தார். அம்மணி கடலைப் பார்க்க வேண்டும் என்றார். அப்போது திரு. தவராசா ஜீப்பின் மறுபக்கமாக வந்து, திரு. ஏரம்புவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்ன வார்த்தைகளை அருகில் நின்ற நான் கேட்டபடியே தருகிறேன்:

“அண்ணை, நான் கடலெண்டு எழுதிக் குடுத்திட்டன். இவா கண்டாவெண்டால் என்ரை வேலை போயிடும். கலியாணம் முற்றாகிக் கிடக்குது. எப்பிடியாவது சமாளியுங்கோ.”

திரு. ஏரம்பு இளகிய மனமுடையவர். அவர் அம்மணியைக் குளக்கட்டுக்கு அழைத்துச் சென்று, தண்ணீரைக் காட்டி, “இதுதான்” என்றார்.

அம்மணி குனிந்து விரலைத் தண்ணீரில் தோய்த்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

“உப்பில்லையாம்” என்றார் திரு. தவராசா.

“மாரி பலமாப் பெய்தது எண்டு சொல்லுங்கோ.”

“அலையும் இல்லையாம்.”

“இது ஒதுக்குப்புறமான கடலெண்டு சொல்லுங்கோ.”

அம்மணி மறுகரையைச் சுட்டிக்காட்டினார். அது என்னவென்று கேட்கிறார் என்பது மொழிபெயர்க்காமலே விளங்கியது. திரு. ஏரம்பு சிறிது யோசித்து, “தீவு” என்றார். அந்த நேரம் பார்த்துத் திரு. வீரையா குளக்கட்டு வழியாகத் தீவிலிருந்து சைக்கிளில் வந்து சேர்ந்தார். நாங்கள் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். அவரோ ஐஸ் பெட்டியைத் திறந்து, “கடல் மீன்! பிடிச்ச கையோடை வந்த கடல் மீன்!” என்று கூவினார். அம்மணி பெட்டிக்குள் பார்த்தார். உள்ளே பாரையும் விளைமீனும் இருந்தன. அவருடைய முகத்தில் இருந்த சந்தேகம் தீர்ந்துவிட்டது. திரு. தவராசா கண்ணை மூடி எதையோ முணுமுணுத்தார். பிரார்த்தனை என்று நினைக்கிறேன்.

இத்துடன் விட்டிருக்கலாம். அம்மணி திருப்தியுடன் திரும்பத் தொடங்கியும்விட்டார். ஆனால் திரு. ஏரம்புவின் எருமைகளில் ஒன்று குளத்தின் நடுவே மூக்கையும் முதுகையும் கொம்பின் நுனியையும் மட்டும் வெளியே விட்டு முழுகிக் கிடந்தது. அவர் அதைக் காட்டி, “அது கடற்பசு” என்றார்.

இதை அவரிடம் எவரும் கேட்கவில்லை. ஏன் சொன்னீர்கள் என்று பிறகு நான் கேட்டதற்கு, “இவ்வளவு தூரம் வந்த மனிசி, வெறுங்கையோடை அனுப்புறதே, தங்கச்சி?” என்றார். அம்மணி வாயில் கையை வைத்துக்கொண்டு படமெடுத்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. கடலில் மிகச் சிலவாகவே மிஞ்சியிருக்கும் அந்தச் சாதுவான பிராணியைப் பார்க்க அவர் நீண்ட காலம் ஆசைப்பட்டிருந்தாராம்.

7. சில மாதங்களுக்குப் பின், நாங்கள் வழமைபோல நிறுவனத்தின் தளத்தைத் திறந்தபோது ஒரு படம் இறங்கத் தொடங்கியது. முதலில் வானம் வந்தது. பிறகு தென்னை வந்தது. “இது எங்கடை தென்னையெல்லே!” என்று யாரோ கத்தினார்கள். தண்ணீர் வந்தது. கடைசியில் எருமை வந்தது. கீழே இருந்ததைச் செல்வி அருந்ததி வாசித்தார்: இலங்கையின் வடபகுதியில், இதுவரை அறியப்படாத இடமொன்றில், கடற்பசு உயிருடன் காணப்பட்டுள்ளது.

அன்று முழுவதும் திரு. ஏரம்பு தரையில் நடக்கவில்லை. எருமைக்கு மாலை போட்டார். உலகம் முழுக்கத் தன்னுடைய எருமையைப் பார்க்கிறது என்று சந்தையில் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். ஆனால் செல்வி அருந்ததி அந்த வரியையே திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். மறுநாள் குழு கூடியபோது அவர் எழுந்து நின்று சொன்னது இது:

“படிச்சவை கன பேர் இதை நம்பப் போகினம். இல்லாத இடத்திலை இருக்குது எண்டு கணக்கிலை சேர்த்தால், கடற்பசுவுக்கு ஒரு குறையுமில்லை எண்டு நினைச்சிட்டு இருந்திடுவினம். உண்மையா இருக்கிறதுகளை ஆர் பிறகு காப்பாத்திறது?”

உண்மையைச் சொன்னால் கணினி போய்விடும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். சொல்லாமல் விடுவோம் என்று நினைத்தவர்களில் நானும் ஒருத்தி. அப்போது திரு. ஏரம்பு தொண்டையைச் செருமினார்.

“எருமையை எருமை எண்டே எழுதுங்கோ, ரீச்சர். சொன்னவன் நான்தான் எண்டும் எழுதுங்கோ.” சற்று நேரம் கழித்து, “நல்ல எருமை எண்டும் ஒரு சொல் போட்டுவிடுங்கோ” என்றார்.

அவ்வாறே நிறுவனத்தின் தளத்துக்கு எழுதப்பட்டது. திரு. தவராசா கையைப் பிடித்துக் கெஞ்சியதை மட்டும் எழுத வேண்டாம் என்று திரு. ஏரம்பு தடுத்துவிட்டார். “பெடியனுக்குக் கலியாணம்” என்றார்.

8. தளத்தின் விஞ்ஞானி ஒருவர் நன்றி தெரிவித்துப் பதில் எழுதினார். கொம்பு பற்றித் தமக்கும் ஒரு சந்தேகம் இருந்ததாம். ஆனால் அடுத்த கிழமையே திரு. தவராசாவின் கடிதம் வந்தது. வேப்பமோட்டை மக்கள் திட்டமிட்டுத் தம்மையும் அம்மணியையும் ஏமாற்றியதாகவும், கடலில்லாத ஊருக்குக் கடற்கல்வி தேவையில்லையாகையால் கணினி முல்லைத்தீவுக் கரையோரக் கிராமம் ஒன்றுக்கு மாற்றப்படும் என்றும் அதில் இருந்தது. திரு. ஏரம்பு கடிதத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு, “அவருக்குக் கலியாணம் முடிஞ்சுதோ எண்டு அதிலை போட்டிருக்கோ?” என்று மட்டும் கேட்டார். போட்டிருக்கவில்லை. ஆகவே இம்முறை நடந்ததை ஒளிக்காமல் எழுதுவதற்குக் குழு எனக்கு அனுமதி தந்தது.

9. இம்மாதத் தொடக்கத்தில் திரு. தவராசா கணினியை ஏற்றுவதற்கு ஜீப்புடன் வந்தார். குளம் வற்றி, எமது கடலின் நடுவே இளைஞர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் யாரும் அவரைத் தடுக்கவில்லை. வந்தவருக்குக் கதிரை கொடுத்தோம். நாங்கள் அப்போது கணினியில் ஒரு கேள்வித்தாளின் நடுவில் இருந்தபடியால், அது முடியட்டும் என்று கேட்டோம். அவர் இருந்தார். கடற்பசு எதைத் தின்னும் என்ற கேள்வி வந்தது.

“மீன்” என்றார் திரு. தவராசா, அவராகவே.

“கடற்புல்!” என்று எமது பெண்கள் ஒரே குரலில் கத்தினார்கள். அவர் திடுக்கிட்டுத் தேநீரைக் காற்சட்டையில் ஊற்றிக்கொண்டார். அதன் பிறகு வந்த கேள்விகளுக்கும் அவரே பதில் சொல்ல முயன்றார். நண்டுக்கு ஆறு கால் என்றார். திமிங்கிலம் முட்டையிடும் என்றார். கடைசியில் திரையில் ஓர் அழும் மீன் தோன்றியது. தோற்றவர்களுக்கு அதுதான் வரும். அவர் அதைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, “இன்னொருக்காச் செய்யலாமோ?” என்று கேட்டார். பொழுது சாயும்வரை செய்தார். தொலைபேசி இணைப்பு அறுந்த பிறகுதான் எழுந்தார்.

போகும்போது திரு. ஏரம்புவின் முகத்தைப் பாராமல், “அண்ணை, மேலிடத்து முடிவு. என்ரை கையிலை இல்லை. பிரதேச செயலாளரின்ரை கையெழுத்தோடை திரும்ப வாறன்” என்றார். கலியாணம் முடிந்துவிட்டதா என்று திரு. ஏரம்பு கேட்டார். ஆவணியில் என்றார். சந்தோசம் என்று சொல்லி, ஜீப்பில் ஒரு மூட்டை நெல் ஏற்றிவிட்டார். இந்த நெல் இலஞ்சமன்று, கலியாணத்துக்கு என்பதையும் இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.

ஆக, கணினி போவதும் நிற்பதும் தங்கள் கையெழுத்தில் இருக்கிறது.

10. எனது கணவர் நஜீம் பற்றி ஒரு பந்தி எழுத அனுமதி வேண்டுகிறேன். இது விடயத்துக்குப் புறம்பானது என்று குழு கருதுகிறது. நான் செயலாளர் என்பதால் எழுதுகிறேன்.

அவர் முல்லைத்தீவில் கடற்தொழில் செய்தவர். தொண்ணூறாம் ஆண்டு அங்கிருந்த எமது முஸ்லிம் சனம் எல்லோரும் உடுத்த உடுப்போடு ஊரை விட்டு வெளிக்கிட வேண்டி வந்தபோது அவருடைய வள்ளம் கரையில் நின்றது. அதற்குப் பிறகு அவர் கடலைப் பற்றிக் கதைத்ததில்லை. குளத்தில் வலை போடுகிறார்; திலாப்பியா பிடிக்கிறார்; வீட்டுக்கு வந்து படுக்கிறார். நிலையம் திறந்து பல மாதங்களாக அவர் அந்தப் பக்கம் வரவேயில்லை.

ஏதோ ஒரு நாட்டுக் கடற்கரையில் கமரா ஒன்றைப் பூட்டி அலைகளைக் காட்டும் தளம் ஒன்று உண்டு. ஒருநாள் என்னைக் கூப்பிட வந்தவர் அதைக் கண்டு வாசலில் நின்றுவிட்டார். எமது இணைப்பில் அலை அசையாது. ஒரு படம் வரும், நெடுநேரம் கழித்து இன்னொரு படம் வரும். அவருக்கு அது போதும். அன்று முதல் பொழுதுபட மஃரிப் தொழுதுவிட்டு வந்து ஓரத்துக் கதிரையில் இருப்பார். நுரையைப் பார்த்து, “சோளகக் காத்து எழும்பியிட்டுது” என்பார். அது எந்த நாட்டுக் கடல் என்றாவது தெரியுமா என்று ஒருநாள் கேட்டேன். “எந்த நாடெண்டாலும் இண்டைக்குத் தொழிலுக்குப் போகேலாது” என்றார். பதினான்கு வருடங்களுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து வந்த கடற்கதை அது. வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் எந்தக் காற்றுக்கு எந்த மீன் என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஓம், ஓம் என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

11. எனவே, ஐயா, கீழ்க்காண்பவற்றைத் தயவுடன் பரிசீலிக்குமாறு வேண்டுகிறேன்.

எமது கிராமத்தின் மீதுள்ள மோசடிப் பழியை நீக்க வேண்டும். திரு. ஏரம்பு சொன்னது பொய்தான்; ஆனால் கேட்டுக்கொண்டதற்காகச் சொன்ன பொய். (கடற்பசு நீங்கலாக.)

கடலருகே வாழ்வோருக்குக் கடற்கல்வி வேண்டும் என்பதை மறுக்கவில்லை. அவர்களுக்கும் ஒரு கணினி கொடுக்கப்பட வேண்டும். எங்களுடையது எங்களிடம் இருக்க வேண்டும். அவர்கள் வாசலைத் திறந்தால் கடலைப் பார்க்கலாம். நாங்கள் தொலைபேசி இணைப்புக் கிடைத்தால்தான் பார்க்கலாம்.

திரு. தவராசா மீது கடும் நடவடிக்கை எதுவும் கோரவில்லை. ஆவணி கழியும்வரை அவருடைய வேலைக்கு ஒன்றும் நேராமல் பார்த்துக்கொள்ளுமாறு திரு. ஏரம்பு தனிப்பட்ட முறையில் கேட்டுக்கொள்கிறார்.

இவை எதுவும் ஏற்கப்படாமல், கணினியை முல்லைத்தீவுக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும் என்று தாங்கள் கையெழுத்திடும் பட்சத்தில், ஒரேயொரு சலுகையை வேண்டி நிற்கிறேன். அதை ஏற்றிச் செல்லும் ஜீப்பில் எனது கணவருக்கும் ஓர் இடம் ஒதுக்கித் தரவும். அவர் அதிகம் கதைக்க மாட்டார். கணினியின் பெட்டியை மடியில் வைத்துப் பத்திரமாகப் பிடித்துக்கொள்வார். கரைக்குப் போகும் பாதையும் அவருக்குத் தெரியும். எனக்கு இடம் வேண்டாம். நான் பஸ்ஸில் பின்னால் வந்து சேர்வேன்.

தங்கள் நல்ல பதிலை எதிர்பார்த்திருக்கும்,

றம்ஸியா நஜீம்
(செயலாளர், பாவனையாளர் குழுவின் சார்பில்)

இடம்: வேப்பமோட்டை
திகதி: 2004 ஆடி 26